பிராங்க்பர்ட்ல இறங்கி ரைன் ஆத்துல கப்பல்: அன்னிக்கே ஏறலாமுங்களா?

ஈரோட்டுக்காரன்: மே மாசம் அப்பா, அம்மாவோட போறமுங்க. விமானம் மதியம் இறங்குது. அன்னிக்கே கப்பல் பிடிக்கலாமுங்களா?

பல்லடம்: வேண்டாமுங்க. ராத்திரி பிங்கன்ல தங்கிருங்க, ரைன் கரையில கப்பல் ஏறுற ஊருங்க அது. விமான நிலையத்துல ரெண்டு ஸ்டேஷன். மைன்ஸ் வழியா பிங்கன் போற வட்டார ரயில் 'ரீஜியனல்பான்ஹோஃப்'ல நிக்கும். தூரவண்டி ஸ்டேஷனுக்குப் போயிட்டா பெட்டியோட திரும்ப நடக்கோணும். தூரவண்டில மலிவுச் சீட்டு அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும், விமானம் தாமதமானா வம்பு.

கோபி: பிங்கன்லயும் ரெண்டு ஸ்டேஷனுங்ண்ணா. கப்பல்துறைக்குப் பக்கம் 'பிங்கன் ஸ்டாட்'. காலைல ஏறி, ஆத்தோட போக்குல கீழ இருக்கற சாங்க்ட் கோவார் ஊர்ல இறங்குங்க. முக்கியமான கோட்டைங்க, 132 மீட்டர் லோரலை பாறை எல்லாம் அதுக்குள்ள வந்துரும். பாறை வலது பக்கம், உக்கார எடம் அங்க பிடிங்க. திரும்பி ரயில்தான், எதிர்நீர்ல கப்பல் ரொம்ப மெதுவு.