பையனுக்குக் கவட்டை (உண்டிவில்) வாங்கணும், எதைப் பார்த்து வாங்குறது?

சரவணம்பட்டி_அப்பா:

பையன் ஆறாவது படிக்கிறான். லீவுக்குத் தாத்தா ஊருக்குப் போனவன் கவட்டை அடிக்கக் கத்துக்கிட்டு வந்துட்டான். இப்ப மொட்டைமாடியில டின் அடிக்கணும்னு ஒரே பிடிவாதம். செல்போனுக்கு இது தேவலாம்னு நானும் சரின்னுட்டேன். உண்மையைச் சொன்னா எனக்கும் ஆசைதான். ஆன்லைன்ல இருநூறு ரூபாய்ல இருந்து மூவாயிரம் வரைக்கும் கிடக்கு. மணிக்கட்டுல முட்டுக் கொடுக்குற கம்பி வெச்சது, லேசர் வெச்சது, கூடவே ஒரு டப்பா இரும்புக் குண்டு. எது பாதுகாப்பு? பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க் எங்க மாடிக்கு நேர் எதிர்ல இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

ஆயக்குடிக்காரன்:

சார், டேங்கைப் பத்திக் கவலைப்பட்டீங்க, கண்ணைப் பத்தி ஒரு வரி இல்ல. அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்களுக்குப் பழனி பக்கம் கொய்யாத்தோப்பு. கிளி வந்து காயைக் கொத்தும். அதை அடிக்கக்கூடாது, 1972 வன உயிரினச் சட்டத்துல அது பாதுகாக்கப்பட்ட பறவை. அதனால மரத்துக்கு மரம் தகர டப்பா கட்டித் தொங்கவிட்டு, கவட்டையால டப்பாவை அடிச்சுச் சத்தம் எழுப்பித்தான் விரட்டுவோம். நான் குறி கத்துக்கிட்டது அப்படித்தான். ஒன்பதாவது படிக்கிறப்ப ஒருநாள் நல்லா இழுத்துப் பிடிச்சிருக்கேன், கவட்டைக் கொம்புல கட்டியிருந்த ரப்பர் உருவிக்கிட்டு மொத்தமா முகத்துல வந்து அடிச்சது. இடது புருவத்துக்குக் கீழ இன்னிக்கும் தழும்பு இருக்கு. அரை அங்குலம் தள்ளியிருந்தா இதை ஒத்தைக் கண்ணோட டைப் பண்ணிட்டிருப்பேன்.

ரப்பர், குண்டை வெச்சு இழுக்குற தோல் பக்கம் அறுந்தா முன்னாடி சுண்டி, கவட்டையைப் பிடிச்ச கையில சுளீர்னு படும், அவ்வளவுதான். கொம்புப் பக்கம் அறுந்தாலோ உருவினாலோ நேரா முகத்துக்குத்தான் வரும். அதனால ஒவ்வொரு தடவையும் அடிக்கிறதுக்கு முன்னாடி கொம்புக் கட்டை விரலால தடவிப் பாருங்க. ரப்பரை லேசா இழுத்து வெளிச்சத்துல பிடிச்சா ஓரத்துல சின்னக் கீறல் இருந்தாலும் தெரியும். கீறல் இருந்தா தூக்கிப் போட்டுடுங்க, ஒட்டுப்போட்டு ஓட்டாதீங்க.

முதல் செலவு கண்ணாடி. ஹார்டுவேர் கடையில பாலிகார்பனேட்ல கிடைக்கும், கண் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர முத்திரை ஐஎஸ் 5983 இருக்கான்னு பாருங்க. கூலிங்கிளாஸ் ஆகாது. பவர் கண்ணாடி போடுறவர்னா அதுக்கு மேல மாட்டுற மாதிரி பெரிசா வாங்கணும். பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்குறவங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு.

இப்ப கவட்டை. மணிக்கட்டுக் கம்பி வேண்டாம். அது பலமான ரப்பரை இழுக்கிறவங்களுக்கு, கத்துக்கிறவனுக்கு எதுக்குப் பலமான ரப்பர்? லேசர் சுத்த வேஸ்ட். உள்ளங்கையில அடக்கமா உட்கார்ற, ஒரே வார்ப்பா இருக்குற கெட்டி பிளாஸ்டிக் போதும். மலிவான வார்ப்பு உலோகத்துல உள்ளுக்குள்ள காத்துக்குமிழி இருக்கலாம், வெளியில தெரியாது, ஒருநாள் கொம்பு முறிஞ்சு மூஞ்சிக்கு வரும். தாத்தா கொய்யாக் கிளையில வெட்டிக் கொடுத்தா அதுதான் ராஜா. ஆனா நிழல்ல மெதுவா காயணும். வெயில்ல போட்டா விண்டுடும்.

ரப்பர்தான் விஷயமே. மஞ்சள் நிறத்துல பட்டையா வர்ற லேட்டக்ஸ், அரை மில்லிமீட்டர் கனம், ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. கவட்டையை நீட்டிப் பிடிச்சு, தோலைக் கன்னம் வரைக்கும் இழுத்தா எவ்வளவு தூரம்னு அளந்துக்கோங்க. பையனுக்கு 60 சென்டிமீட்டர்னு வைங்க. வேகம் வேணும்ங்கிறவங்க அதை அஞ்சால வகுத்து 12 சென்டிமீட்டர்னு வெட்டுவாங்க. நீங்க நாலால வகுங்க, 15 வரும். வேகம் குறையும், இழுக்க லேசா இருக்கும், ரப்பரும் ரொம்ப நாள் உழைக்கும். கட்டுறதுக்குத் தனியா ரெண்டு பக்கமும் விட்டு வெட்டணும். கத்திரிக்கோலால வெட்டினா ஓரம் பிசிறும், அங்கதான் கிழியும். இரும்பு ஸ்கேல் வெச்சுப் புது பிளேடால ஒரே இழுப்பு. எண்ணெய்க் கையோட தொடாதீங்க, மாடி வெயில்ல விட்டுட்டு வராதீங்க.

குண்டுக்கு வருவோம். கூட வர்ற இரும்பு டப்பாவைப் பரண்ல ஏத்திடுங்க. 8 மில்லிமீட்டர் பால்ரஸ் ரெண்டு கிராம்தான், ஆனா தப்பினா நூறு மீட்டர் தாண்டியும் போகும், சுவத்துல பட்டா உங்களையே தேடி வரும். கோலிகுண்டு உடைஞ்சு சில்லு தெறிக்கும். கூழாங்கல் உருண்டையா இருக்காது, கோணிக்கிட்டு கொம்புல இடிக்கும். களிமண்ணைச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி நிழல்ல காயவையுங்க. கெட்டியா எதுல பட்டாலும் பொடியாயிடும். உண்டிவில்லுங்கிற பேர்லயே உண்டை இருக்கே சார்.

டேங்குக்கு வழி: பெரிய அட்டைப்பெட்டி, டிவி வந்த பெட்டி மாதிரி. உள்ள பழைய போர்வையை ரெண்டு மடிப்பாத் தொளதொளன்னு தொங்கவிடுங்க. இறுக்கிக் கட்டினா திருப்பி அடிக்கும். டின் அதுக்கு முன்னாடி. பெட்டியை டேங்குக்கு எதிர்த்திசையில, மாடிப்படி ரூம் சுவரோட சேர்த்து வையுங்க. முதல்ல அஞ்சு மீட்டர்ல நின்னு அடிக்கட்டும்.

நாட்டுச்சரக்கு:

நாங்கள்லாம் சைக்கிள் ட்யூப்பும் பிஞ்ச செருப்புத் தோலும் வெச்சே அடிச்சு வளர்ந்தோம். கண்ணாடியாம், போர்வையாம். கல்யாணம் பண்ணப்போறீங்களா கவட்டை அடிக்கப்போறீங்களா?

ஆயக்குடிக்காரன்:

வாங்கண்ணே. இப்ப வர்ற கறுப்பு ட்யூப் பெரும்பாலும் ப்யூட்டைல்ங்கிற செயற்கை ரப்பர். காத்து நிக்கும், சுண்டாது. அதை வெச்சு டின்னை அடிச்சா டின்னு சிரிக்கும். செருப்புத் தோலை நானும் ஒத்துக்கிறேன், அதை மிஞ்ச ஒண்ணும் இல்ல. கண்ணாடி விஷயத்துல மட்டும் என் புருவத்தைப் பார்த்துட்டுப் பேசுங்க.

சிட்னிப்பொடியன்:

எங்கட ஊர் யாழ்ப்பாணத்தில இதைக் கெற்றப்போல் எண்டுதான் சொல்லுறது. நான் இருக்கிற அவுஸ்திரேலியா நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி கெற்றப்போலும் தடைசெய்த ஆயுதங்களோட சேர்த்திதான். பிள்ளையள் விளையாட வீட்டில செய்ததுக்கு மட்டும் விலக்கு. இஞ்ச இருக்கிற சொந்தக்காரப் பிள்ளையளுக்கு அங்கயிருந்து வாங்கி அனுப்பிப் போடாதேங்கோ. விமானத்தில கைப்பையில வைச்சாலும் பறிச்சுப் போடுவாங்கள்.

சரவணம்பட்டி_அப்பா:

அண்ணா, ரொம்ப நன்றி. கண்ணாடி மூணு வாங்கிட்டேன். கவட்டையைத் தாத்தாகிட்டயே கேட்டாச்சு, காயவெச்சிட்டு இருக்கார். பையன் காத்திருக்க மாட்டேங்கிறான், அதனால இருநூத்தம்பது ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக். நேத்து நாப்பது உருண்டை அடிச்சதுல டின்ல பட்டது மூணு. அதுல ரெண்டு என் மனைவி அடிச்சது. ஒரு சந்தேகம், உருண்டை விட்டதும் சில நேரம் கொம்புல இடிச்சு உடையுது. ஏன்?

ஆயக்குடிக்காரன்:

தோலை ரெண்டு விரலால கிள்ளிப் பிடிக்கிறப்ப ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமா இழுபடுது. உருண்டை தோலோட நட்ட நடுவுல இருக்கான்னு பார்த்துட்டு, ரெண்டு ரப்பரும் ஒரே நீளமான்னு அளந்து பாருங்க. சரியா இருந்தும் இடிச்சா ஒரு போட்டோ போடுங்க. அப்புறம், உருண்டை வைக்காம வெறும் தோலை இழுத்து விடுறானா? விடவே கூடாது, தோல் திரும்பி வந்து கையை அறையும். உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, அடுத்த வாரத்துக்குள்ள பத்து டின் அடிச்சா தோப்புல இருந்து ஒரு பெட்டி கொய்யா அனுப்புறேன்.