புதுப்பிப்பு: பழைய ஸ்கேனரின் ‘பேட்டரி குறைவு’ எச்சரிக்கை நின்றுவிட்டது

நான்கு ஏஏ செல் போடும் பழைய கையடக்க ரேடியோ ஸ்கேனர் (பல அலைவரிசைகளை மாறிமாறித் தேடிக் கேட்கும் கருவி), புது செல் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் பேட்டரி குறைவு என்று பீப் அடிக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. கோளாறு செல்லிலும் இல்லை, சர்க்யூட் போர்டிலும் இல்லை.

செல்லை வெளியே எடுத்து அளந்தால் எல்லாமே 1.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அதை நம்பிப் பயனில்லை. ஸ்கேனரை ஓடவிட்டு, ஸ்குவெல்ச்சைத் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பு) திறந்து, சத்தத்தையும் கூட்டி, அதிக மின்னோட்டம் இழுக்கும்படி வைத்து அளந்தபோதுதான் பிடிபட்டது: செல்களின் முனைகளில் 6 வோல்ட் இருக்க, போர்டுக்குப் போகும் ஒயரில் 5.2தான் வந்தது. மின்னோட்டம் கூடக்கூட அந்த இழப்பும் கூடியது, அதாவது இடையில் எங்கோ மின்தடை.

மைனஸ் பக்க ஸ்பிரிங்கின் அடியில், ரிவெட்டைச் சுற்றி, பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. எப்போதோ கசிந்த அல்கலைன் செல்லின் (ரீசார்ஜ் செய்யாத சாதாரண செல்) வேலை. கசிவது காரம் என்பதால் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ரிவெட்டையும் தகட்டையும் சேர்த்து மெல்லிசாக ஈயம் பற்றவைத்தேன். இப்போது இழப்பு 0.1 வோல்ட்கூட இல்லை, பீப்பும் இல்லை!

ரீசார்ஜ் செல் போடலாமா என்று கேட்டவர்களுக்கு: நிக்கல் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், நான்குக்கும் சேர்த்து 4.8. அல்கலைனை மனதில் வைத்து எச்சரிக்கை அளவு வைத்த கருவி என்றால், செல் நல்ல நிலையில் இருந்தாலும் சீக்கிரமே கத்தும். சில மாடல்களில் செல் வகைக்கென்று பேட்டரி அறைக்குள்ளேயே சின்ன சுவிட்ச் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அல்கலைன் போட்டிருக்கும்போது சார்ஜரை மட்டும் சொருகிவிடாதீர்கள்.