குழாய்க்குக் கீழே வைத்த வாளி

நான் திருகோணமலையில் ஒன்பதாம் தரத்துக்குக் குடியியற் கல்வி படிப்பிக்கிறேன். மாணவர் பாராளுமன்றத் தேர்தல் என்றால் முன்பெல்லாம் எங்களுக்கு ஒருநாள் கூத்து. வாக்குச்சீட்டு, பெட்டி, சபாநாயகர், கடைசியில் ஒரு குழுப்படம். சென்ற வருடம் ஒரு பிள்ளை "ஒழுகுற பைப்பை நிறுத்துவேன்" என்று சொல்லி வாக்குக் கேட்டு வென்றுவிட்டாள். இரண்டு கிழமையில் ஆறாம் தரத்துச் சின்னவன் ஒருவன் வந்து, "அக்கா, பைப் இன்னும் ஒழுகுது" என்றான். அவளுக்கு முகமே செத்துப்போனது.

நானே பைப் திருத்தும் பாஸைக் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் பேசாமல் இருந்தேன். அடுத்த நாள் இடைவேளையில் நாலைந்து பேர் குழாய்க்குக் கீழே வாளி வைத்து, இருபது நிமிடம் கழித்துப் போத்தலால் அளந்தார்கள். நாலு லீற்றர். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 288 லீற்றர் என்று கணக்குப் போட்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்கள். வாஷர் மாற்றியதோடு அது முடிந்தது.

வாசலுக்கு வெளியே இருக்கும் வடிகான்தான் பெரிய பிரச்சினை. மாரி தொடங்கினால் உப்புவெளி, பாலையூற்றுப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். உரிய கந்தோருக்கு எழுதினோம், ஒன்றரை மாதமாகியும் பதில் இல்லை. அப்போதுதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வகுப்பில் வாசித்தோம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்றதும், "உண்மையாவா டீச்சர்?" என்று ஒருவன் எழும்பியே நின்றுவிட்டான்.

கேள்விகளைப் பிள்ளைகள் எழுதினார்கள், நான் கையெழுத்து வைத்தேன். பதில் வந்தது: இந்த வருடம் நிதி ஒதுக்கீடு இல்லையாம். பிள்ளைகளுக்குக் கவலைதான், ஆனாலும் ஒதுக்கீட்டை யார் எப்போது தீர்மானிக்கிறார்கள் என்று அன்று கேட்ட அளவுக்கு வேறெந்தப் பாடத்திலும் அவர்கள் என்னைக் குடைந்ததில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்குக் குடியியற் கல்வி விருப்பப் பாடம்தானே, நேரத்தை ஏன் வீணாக்குகிறீர்கள் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். இந்த வயதில் கேட்டுப் பழகாவிட்டால் பதினெட்டு வயதில் வாக்குப் போடப் போகும்போது எதை வைத்துத் தீர்மானிப்பார்கள்? பைப்பை நிறுத்துவேன் என்று வென்ற அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் தரம். கடிதத்தின் இலக்கத்தைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறாள், அடுத்த கடிதத்துக்குத் தேவைப்படுமாம்.