மூடிய கிரெடிட் கார்டுக்கு 11,840 ரூபாய் பாக்கியாம், அப்பாவுக்குப் போன் செய்து மிரட்டுகிறார்கள்

நூல்கண்டு:
எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு நூல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கோபி பக்கம் அப்பா கொடுத்த இடத்தில் வீடு கட்ட 18 லட்சம் லோன் கேட்டிருந்தோம். போன வாரம் பேங்க் மேனேஜர் கூப்பிட்டு, சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) 612தான், ஒரு கார்டு 'ரிட்டன் ஆஃப்', அதாவது வராக்கடன் என்று வருகிறது, அதைச் சரி செய்யாமல் ஃபைல் நகராது என்றார். தலை சுற்றிவிட்டது. யாருக்கும் ஒரு நாள்கூட தவணை தள்ளிக் கட்டியவள் இல்லை நான்.

அந்தக் கார்டு, கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது வேறொரு பேங்க் ஆபீசுக்கே வந்து கொடுத்தது. 2023 மார்ச் 14 அன்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, பாக்கி எதுவும் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, மூடச் சொன்னேன். என் கோரிக்கையைப் பதிந்ததற்கு ஒரு சர்வீஸ் நம்பர் கொடுத்தார்கள், டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். கார்டை நாலாக வெட்டிப் போட்டேன். ஜூனில் வேலையை விட்டு ஈரோடு வந்தாச்சு.

கார்டு மூடவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ஆகஸ்டில் வருடக் கட்டணம் 499, ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 பைசா போட்டிருக்கிறார்கள். ஸ்டேட்மென்ட் எல்லாம் பழைய கம்பெனி மெயிலுக்குப் போயிருக்கிறது, அதை நான் விலகிய அன்றே முடக்கிவிட்டார்கள். கொடுத்திருந்த போன் நம்பரும் கம்பெனி சிம். கடிதம் வந்திருந்தாலும் காந்திபுரத்து வாடகை வீட்டுக்குத்தான் போயிருக்கும். லேட் ஃபீஸ், வட்டி, அதற்கும் ஜிஎஸ்டி என்று ஏறி 11,840.

விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸ் என்று அப்பா நம்பரைக் கொடுத்திருந்தேன். அங்கேதான் வசூல் ஏஜென்டின் போன் போயிருக்கிறது, செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்கு. அப்பாவுக்கு 71 வயது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது சட்டைப் பையிலிருந்து தினசரி காலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பின்பக்கம் அவர் கையெழுத்தில் '11,840. நாளை 5 மணிக்குள். கேஸ்.' என்று மூன்று வரி. மடித்து மடித்து ஓரமெல்லாம் பஞ்சாகிவிட்டது. "மஞ்சள் வித்த காசு இருக்குது கண்ணு, கட்டிரலாம், வெளிய தெரிய வேண்டாம்" என்றார். ஐந்து நாளாகத் தூங்கவில்லை என்று அம்மா சொன்னார்.

இப்போது அந்த ஏஜென்ட் என்னிடம், இன்றைக்கே ஜிபேயில் 4,000 போட்டால் செட்டில்மென்ட் (ஒரு பகுதியைக் கட்டிக் கணக்கை முடிப்பது) முடித்துத் தருகிறேன் என்கிறார். கட்டித் தொலைத்துவிடலாமா? அப்பா நிம்மதியாக இருந்தால் போதும் எனக்கு.

பவானிக்கரை:
கட்டிவிடாதீர்கள் அக்கா. நான் 4 வருடம் முன்பு இதே மாதிரி பயந்து 3,500 கட்டினேன். அன்றோடு போன் நின்றது. ஆனால் சிபில் ரிப்போர்ட்டில் 'செட்டில்ட்' என்று விழுந்துவிட்டது. பைக் லோன் கேட்கப் போனால், வாங்கிய கடனைப் பாதிதான் கட்டியவன் என்று அர்த்தமாம். கடைசியில் மீதிப் பணத்தையும் கட்டி, பாக்கி இல்லை என்ற நோ டியூஸ் கடிதம் வாங்கி, 'க்ளோஸ்ட்' என்று மாற்ற ஆறு மாதம் அலைந்தேன்.

பழைய லெட்ஜர்:
அம்மா, 34 வருடம் பேங்க்கில் இருந்தவன் சொல்கிறேன். முதலில் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள்: கார்டு பாக்கிக்கு யாரும் போலீஸோடு வரமாட்டார்கள். இது சிவில் விவகாரம். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்குப் போன் செய்யக்கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வீட்டாரையும் ரெஃபரன்ஸ் கொடுத்தவரையும் தொந்தரவு செய்வதும் தவறு. எட்டரை மணி அழைப்பு அப்பா போனில் பதிவாகி இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தக் காலண்டர் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம் ஏஜென்டோடு பேச்சை நிறுத்துங்கள். 'எழுத்தில் அனுப்புங்கள்' என்பது மட்டும்தான் உங்கள் பதில். ஜிபேயில் தனி ஆள் நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது.

உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி அந்த சர்வீஸ் நம்பர். 2022 ஜூலை 1 முதல் உள்ள விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். நீங்கள் கேட்டது 2023இல். அப்படியென்றால் 588 ரூபாயே உங்கள் கணக்கில் விழுந்திருக்கக்கூடாது. கட்டணமே தப்பு, அதன் மேல் ஏறிய வட்டியும் தப்பு. செட்டில்மென்ட் என்று போனால், வாங்காத கடனை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதோடு, பாக்கிதாரர் என்று சிபிலுக்கு அனுப்பும் முன் உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, எப்படித் தெரிவித்தீர்கள் என்று கேளுங்கள்.

இதையெல்லாம் அந்த பேங்க்கில் புகார்களைக் கவனிக்கும் நோடல் ஆபீசருக்கு மெயிலிலும் ரிஜிஸ்டர் தபாலிலும் அனுப்புங்கள். புதிய முகவரி, புதிய நம்பர் இரண்டையும் அதிலேயே எழுதுங்கள். அதே நாளில் சிபில் தளத்தில் டிஸ்ப்யூட், அதாவது பதிவு தவறு என்ற ஆட்சேபம், போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. சிபில் போலவே கடன் விவரம் வைத்திருக்கும் மற்ற மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம்தான். பேங்க் 30 நாள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ பேங்க் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் 14448க்குப் போன் செய்யுங்கள், தமிழிலும் பேசுவார்கள்.

நூல்கண்டு:
ஐயா, கோடி நன்றி. இன்றே எழுதுகிறேன். ஒரு சந்தேகம்: வீட்டு லோனைக் கைவிட வேண்டியதுதானா?

பழைய லெட்ஜர்:
வேண்டாம் அம்மா. கொடுத்த புகாரின் நகலை மேனேஜரிடம் கொடுத்து, முடிவு வரும்வரை ஃபைலை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பவிடாதீர்கள். இன்னொரு பேங்க்கில் போய்க் கேட்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகும்.

நூல்கண்டு:
ஐந்து வாரம் ஆச்சு, சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தபால் போன 19ஆம் நாள் பதில் வந்தது. கட்டணம், வட்டி எல்லாம் ரத்து, கார்டு மூடியாச்சு, நோ டியூஸ் இணைத்துள்ளோம் என்று. நேற்று ரிப்போர்ட் எடுத்தேன். 'க்ளோஸ்ட்', பாக்கி 0. ஃபைல் மறுபடி மேனேஜர் மேஜைக்குப் போயிருக்கிறது. நாளுக்கு 500 பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை, அதற்கு ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதி வைத்துவிட்டேன்.

நோ டியூஸைப் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு சீல் எங்கே என்று தேடினார். கம்ப்யூட்டர் கடிதத்தில் சீல் இருக்காது என்று விளக்கிய பிறகு, பட்டா வைத்திருக்கும் மஞ்சப்பையில் வைத்துப் பீரோவைப் பூட்டினார்.