அந்த லைன் வீட்டில் எத்தனை ஓட்டு?

கேள்வி: கணக்குப்பிள்ளை, திருப்பூர்

வணக்கம்ங்க. பனியன் கம்பெனி ஒன்றில் பதினேழு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பெரிய கம்பெனி இல்லை, எக்ஸ்போர்ட்டர்களின் ஆர்டரைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் யூனிட். மொத்தம் 62 பேர். அதில் 41 பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட். சனிக்கிழமை சம்பளம் போடுவது நான் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

2022 பிப்ரவரி 19, உள்ளாட்சித் தேர்தல். அன்றைக்கும் சனிக்கிழமை. லீவு என்பதால் வெள்ளி சாயங்காலமே கவர் கொடுத்துவிட்டோம். காலையில் நான் ஓட்டுப் போட்டுவிட்டு மையோடு திரும்பி வருகிறேன். கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டு வாசலில் எங்கள் பசங்க துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஓவர்லாக் தையல் மெஷின் அடிக்கும் பையன் ஒருவன் என் விரலைப் பார்த்துவிட்டு, "நீங்க ஓட்டுப் போட்டு வர்றவர்தான் எங்களுக்கும் கவுன்சிலரா அண்ணா?" என்று கேட்டான். ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று தெரியாமல் சிரித்து வைத்தேன்.

அந்த லைன் வீட்டுக்கு முன்னால் சாக்கடை அடைத்து, தண்ணீர் படி வரைக்கும் ஏறும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான். சரி, தேர்தல் முடிந்தது, இனிமேல் யாரிடமாவது சொல்லலாம் என்று வட்டாரத்துக் கட்சிக்காரர் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த லைன்ல எத்தனை ஓட்டுங்க இருக்கு?"

உலகமயத்தைத் திட்ட நான் இங்கே வரவில்லை. அப்பாவுக்குக் குண்டடம் பக்கம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், இல்லாவிட்டால் வட்டிக்காரர். 1996-ல் நான் இங்கே பனியன் கம்பெனியில் கைமடிக்க, அதாவது டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்க, வந்தேன். 2005 ஜனவரியில், வெளிநாட்டுக்கு இவ்வளவு துணிதான் அனுப்பலாம் என்ற கோட்டா ஒழிந்த பிறகு இந்த ஊரில் ராத்திரி விளக்கு அணைந்த ஞாபகமே எனக்கு இல்லை. தங்கச்சி கல்யாணம், என் வீடு, பொண்ணு படிப்பு, எல்லாமே எங்கோ ஜெர்மனியில் யாரோ டீசர்ட் வாங்கிப் போட்டதால் வந்தவை.

ஆனால் இன்றைக்கு அந்த டீசர்ட்டைத் தைப்பவனுக்கு, அவன் குடியிருக்கும் தெருவில் ஓட்டு இல்லை. ஒரு தெருவில் பாதிப் பேருக்கு ஓட்டு இல்லாவிட்டால் அங்கே நடப்பதற்குப் பெயர் என்ன? அவர்களுக்கு இங்கேயே ஓட்டு வாங்கித் தரலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: கோர்ட்டுக் குமாஸ்தா

வாங்கித் தரலாம். 1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தொகுதியில் "சாதாரணமாக வசிப்பவர்" என்றுதான் கேட்கிறது. எந்த ஊரில் பிறந்தான், என்ன மொழி பேசுகிறான் என்று கேட்கவில்லை. புதிதாகச் சேர படிவம் 6, ஊர் மாற்ற படிவம் 8. முகவரிக்கு ஒரு சான்று வேண்டும்.

சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை, தடை வேறு இடத்தில். இங்கே சேர்ந்தால் ஊரில் பெயர் போய்விடும். ஊரில் பெயர் போனால் நிலம், ரேஷன், பஞ்சாயத்து எல்லாவற்றிலும் தானும் போய்விட்டதாக அவர்களுக்கு ஒரு பயம். அந்தப் பயத்தை அசட்டுத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 2025-ல் பீகாரில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்ததே, 7.89 கோடியாக இருந்த பட்டியல் வரைவில் 7.24 கோடி ஆனது. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டு. ஆனால் நீக்கப்பட்ட 65 லட்சத்தில் பெரும் பகுதி, குடிபெயர்ந்துவிட்டார் அல்லது வீட்டில் ஆளைக் காணோம் என்ற கணக்கில் போனது. வீட்டில் எப்படி இருப்பான்? உங்கள் யூனிட்டில் ஓவர்லாக் அல்லவா அடித்துக்கொண்டிருக்கிறான்!

இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட, ஒரே இயந்திரத்தில் 72 தொகுதி வரைக்கும் வைக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துப் பேசியது. எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு அதோடு நின்றுபோனது. அதுவும் வந்திருந்தால் பீகார் எம்.எல்.ஏ.வைத்தான் தேர்ந்தெடுப்பான், உங்கள் சாக்கடை அப்படியேதான் இருக்கும்.

---

பதில் 2: நொய்யல்கரை

கணக்குப்பிள்ளை அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு இருந்தால் சாக்கடை சரியாகிவிடும் என்று நீங்கள் நம்புவதைப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

எங்கள் ஊர் நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே. 1992-ல் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கு என்று கட்டிய அணையில் உங்கள் ஊர்ச் சாயத் தண்ணீர் வந்து நின்றது. தண்ணீர் திறந்து விடுங்கள் என்று எல்லா ஊர் விவசாயியும் கேட்பான். அணையில் தேக்காதீர்கள் என்று கேட்டவர்கள் நாங்கள். தென்னை காய்ந்தது, கிணறு உப்பானது. எங்கள் எல்லோருக்கும் ஓட்டு இருந்தது. சாயப்பட்டறையை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் ஓட்டு இருந்தது, அது எங்களுடையதைவிட அதிகம். அவ்வளவுதான் விஷயம்.

1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில், எங்களைக் கவனிக்க யாருமில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 1,033 வேட்பாளர்கள்! ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலே ஒரு மாதம் தள்ளிப் போனது. அதில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. எங்கள் பெரியப்பா அந்த 88-ல் ஒருத்தர். தன் ஓட்டைத் தனக்கே போடவில்லை. பெரியம்மாவும் போடவில்லை என்பதுதான் கடைசி வரைக்கும் அவருக்குக் குறை. அப்புறம் அரசு என்ன செய்தது? 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கியது.

கடைசியில் எங்களுக்குக் கை கொடுத்தது கோர்ட்டு. 2006-ல் சாயக் கழிவு ஒரு சொட்டுக்கூட ஆற்றில் விடக் கூடாது என்று தீர்ப்பு. அதைச் செய்யவில்லை என்று 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு. அன்றைக்கு உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு வேலை போயிற்று என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் மச்சானும் அங்கேதான் இருந்தான். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி.

---

பதில் 3: பழைய டைலர்

நான் 1984 ஸ்ட்ரைக்கில் இருந்தவன். பஞ்சப்படிக்காக 127 நாள். அரிசி கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரர் முதல் முடிவெட்டுபவர் வரை எல்லோரும் சொந்தக்காரர்கள், இல்லாவிட்டால் தெரிந்தவர்கள். இன்றைய பசங்க ஏழு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. வாடகை தர வேண்டும், கடன் கொடுக்கத் தெரிந்த கடைக்காரர் கிடையாது. 2023 மார்ச்சில் வடமாநிலத்தாரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதே, அந்த வாரம் எத்தனை பேர் பெட்டியைக் கட்டினார்கள் என்று ஸ்டேஷனில் நின்று பார்த்தவன் நான். பொய் என்று போலீஸ் சொல்லியும் நம்பவில்லை. பயந்தால் போய்ச் சொல்ல அவர்களுக்கு என்று இங்கே ஆள் இல்லை.

தம்பி, ஓட்டு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் சங்கம் வர வேண்டும். 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது. மில்லிலும் கார்மெண்ட்ஸிலும் பெண்களுக்கு நடக்கும் தொல்லையை நிறுத்த, பெண்கள் நடத்தும் ஒரு சங்கத்தோடு வெளிநாட்டு பிராண்டு ஒன்றும் கையெழுத்துப் போட்டது. ஒரு பெண் செத்த பிறகுதான் அதுவும் வந்தது. ஆனாலும் பாருங்கள், இங்கே முதலாளி காதில் ஏறாத பேச்சு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வழியாகப் போனால் ஏறுகிறது. உலகமயத்தால் நன்மை என்றால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும்.

---

பதில் 4: துவாஸ் டார்மிட்டரி

நான் புதுக்கோட்டைப் பக்கம், சிங்கப்பூரில் ஒன்பது வருஷம் ஒர்க் பர்மிட். உங்கள் ஓவர்லாக் பையனும் நானும் ஒரே ஜாதி.

2020 ஜூலையில் இங்கே பொதுத்தேர்தல். கொரோனா நாங்கள் தங்கும் தொழிலாளர் விடுதிகளில், அதாவது டார்மிட்டரிகளில், பரவியதைப் பற்றி மேடையில் பேசினார்கள், டிவியில் பேசினார்கள். நாங்கள் அதை உள்ளே அடைபட்டுக்கொண்டு போனில் பார்த்தோம். அடுத்த வருஷம், புதிதாகக் கட்டும் டார்மிட்டரியில் ஒரு அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. எங்கள் ஓட்டுக்குப் பயந்து வந்ததில்லை, நோய்க்குப் பயந்து வந்தது. எப்படி வந்தாலும் நல்லதுதான்.

ஊரில் ஓட்டுப் போட 2011 முதல் எங்களுக்கும் உரிமை உண்டு. நேரில் வந்து போட வேண்டும். டிக்கெட்டை யார் எடுப்பது?

---

கேள்வி கேட்டவர்: கணக்குப்பிள்ளை

எல்லோருக்கும் நன்றிங்க. நொய்யல்கரை தம்பிக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 2011-ல் பட்டறை மூடியபோது நான் உங்களைத் திட்டியவன்.

2025 ஆகஸ்ட் 27-ஐச் சொல்ல விட்டுவிட்டேன். இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட நாள். எங்கள் கட்டிங் டேபிளில் துணி விரித்தபடி கிடந்தது, வெட்ட வேண்டாம் என்று எக்ஸ்போர்ட்டரிடமிருந்து போன். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகி, அப்புறம் வாரத்துக்கு நாலு நாள் ஆனது. அந்த வரியை அவர்கள் நாட்டுப் பார்லிமெண்டுகூட ஓட்டுப் போட்டு முடிவு செய்யவில்லை, அதிபர் கையெழுத்து ஒன்றுதான். எங்கள் முதலாளி அன்றைக்கு டீ குடிக்கும்போது, "நம்மள யாரு கேக்கறாங்க" என்றார். பக்கத்தில் அந்தப் பையன் டீ கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தான்.

குமாஸ்தா அண்ணன் சொன்னபடி படிவம் 6-ம் 8-ம் எடுத்துப் போய் லைன் வீட்டில் பேசினேன். 41 பேரில் மூன்று பேர் சரி என்றார்கள், குடும்பத்தோடு வந்துவிட்டவர்கள். மற்றவர்கள் ஊர்ப் பெயர் போய்விடும் என்கிறார்கள். அந்த மூன்று பேருக்கும் ஆதாரில் ஊர் முகவரி. வாடகை ஒப்பந்தம் இருந்தால் ஆகும், லைன் வீட்டுக்காரர் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

லைன் வீட்டுக்காரர் எங்கள் முதலாளிதான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை அவர் நல்ல மூடில் இருந்தால் கேட்டுப் பார்க்கிறேன்.