மறு: 'லோ கார்ப்' – மாவுச்சத்து என்ற சொல் போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம். 'லோ கார்ப்' (கார்போஹைட்ரேட் குறைந்த உணவு) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> 'குறைமாவுணவு' என்றே வைத்துக்கொள்ளலாம். மாவுச்சத்து ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான். ஆனால் அந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் மூன்று மாதம் வீணாகப் போனது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். 'மாவுச்சத்தைக் குறையுங்கள்' என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் விட்டார். கல்யாணப் பந்தியில் இலையில் கூட்டும் பொரியலும் மட்டும் வைத்துச் சாப்பிட்டு எழுந்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை அளவு அசையவே இல்லை. ஒருநாள் முழுக்கக் கூடவே இருந்து கவனித்தேன். காலையில் வெந்நீரில் ஒரு பெரிய கரண்டி தேன். மூன்று வேளை கருப்பட்டிக் காபி. ராத்திரி இரண்டு வாழைப்பழம். கேட்டதற்கு, "இதுல மாவு எங்கம்மா இருக்கு?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார். அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: தேனில் 16 கிராம், 45 கிராம் கருப்பட்டியில் 40, இரண்டு பழத்திலும் சேர்த்து 40. சுமார் 350 கிராம் சோற்றில் இருக்கும் கார்போஹைட்ரேட், சோறே இல்லாமல் உள்ளே போயிருக்கிறது.

மாவுச்சத்து என்பது ஸ்டார்ச். பாடநூலில் தரசம் என்றும் படித்திருக்கிறோம். அரிசி மாவில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாக மாறும். சர்க்கரைத் தண்ணீரில் விட்டால் மாறாது. ஆய்வுக்கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் பிரித்துப் பார்க்கும் இரண்டையும் சாப்பாட்டுப் பேச்சில் ஒரே சொல்லுக்குள் அடைக்கிறோம். கார்போஹைட்ரேட் என்ற பெரிய குடும்பத்தில் மாவு, சர்க்கரை, நார் மூன்றும் உண்டு. முதல் இரண்டும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நாரை நம் சிறுகுடலால் உடைக்க முடியாது.

> 'கரிமநீரேறி' என்றால் அறிவியல்படி துல்லியம்.

இதில் எனக்கு உடன்பாடில்லை, ஐயா. கரியோடு நீர் சேர்ந்த பொருள் என்று 19ஆம் நூற்றாண்டில் எண்ணி வைத்த பெயரின் நேர் மொழிபெயர்ப்பு இது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் கரியும் நீரும் என்ற அந்த வாய்பாட்டில் பொருந்தும், ஆனால் அது கார்போஹைட்ரேட் இல்லை. டி.என்.ஏ.வில் இருக்கும் டீஆக்சிரைபோஸ் என்ற சர்க்கரை பொருந்தாது, ஆனால் அது கார்போஹைட்ரேட். மூலப்பெயரின் பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? இலங்கைப் பாடநூல்கள்போல காபோவைதரேற்று என்று ஒலிபெயர்த்து எழுதுவது இதைவிட நேர்மையானது. வேதியியல் வகுப்புக்கு அது போதும். சமையலறைக்கு வேறு சொல் வேண்டும்.

என் பரிந்துரை: *மாவினிப்பு*. மாவும் இனிப்பும், உம்மைத்தொகை, வெற்றிலைபாக்கு மாதிரி. சொல்லைக் கேட்டதுமே தேனும் கருப்பட்டியும் உள்ளே வந்துவிடும். சோறும் கேழ்வரகுக் களியும் வந்துவிடும். (சிறுதானியத்தில் இது இல்லவே இல்லை என்று நம்புகிறவர்கள் எத்தனை பேர்! 100 கிராம் கேழ்வரகு மாவில் 65 கிராமுக்குக் குறையாது.)

> மாவினிப்பு என்றால் அதிரசம் என்றல்லவா நினைப்பார்கள்?

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. மாவால் ஆன இனிப்பு என்றும் அந்தத் தொகையை விரிக்கலாம்தான். இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் முறை வரும் இடத்தில் மாவினிப்புச்சத்து என்று முழுதாக எழுதலாம். புரதச்சத்து, கொழுப்புச்சத்து, நார்ச்சத்து என்ற வரிசையில் அது தானாகவே உட்கார்ந்துவிடும். அதிரசம் நினைவுக்கு வராது. அதற்குப் பிறகு மாவினிப்பு என்று சுருக்கிக்கொள்ளலாம். இன்னொருவர் பாலைப் பற்றிக் கேட்டிருந்தார். பாலில் இருப்பது பால்சர்க்கரை. 200 மில்லியில் சுமார் 10 கிராம். நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் அது சர்க்கரைதான், ஆகவே இதில் அடங்கும்.

'நெட் கார்ப்' என்பதற்கு நிகர மாவினிப்பு எனலாம். நிகர லாபம் என்று கடைக்கணக்கில் எழுதிப் பழகிய கைதானே, நார் கழித்த மீதி என்று விளங்கிவிடும். 'லோ கார்ப்' என்பதை எழுத்தில் குறைமாவினிப்பு உணவு என்றும், பேச்சில் 'மாவினிப்பைக் குறைச்சிருக்கேன்' என்றும் சொல்லலாம். இப்போது எல்லோரும் 'சோறு விட்டாச்சு' என்கிறார்கள். பந்தியில் அப்படிச் சொன்னால் சோற்றுக்குப் பதிலாக இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போகிறார்கள், பரிமாறுகிறவர் மேல் தப்பே இல்லை.

அப்பாவிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ கருப்பட்டியும் இதுலதான் சேர்த்தியா?" என்று கேட்டார். வேறு விளக்கம் எதுவும் நான் சொல்லியிருக்கவில்லை. மருந்து எடுத்துக்கொள்வதால் மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை அளவையும் சரிபார்த்துக்கொண்டு, இப்போது வெறும் பால் காபிக்கு மாறியிருக்கிறார்.

எனக்கு இன்னும் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. சோற்றை ஆற வைத்தால் அதிலுள்ள மாவில் கொஞ்சம் செரிக்காத மாவாக மாறி, நாரைப்போல நடந்துகொள்கிறது. 'ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்' என்கிறார்கள். செரியாமாவு என்றால் வயிற்றுக்கோளாறு ஞாபகம் வருகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.