வீட்டு மியூசிக் சர்வர் தொங்கிவிட்டது, வெளியூரிலிருந்து ரீபூட் செய்ய வழி உண்டா? அவசரம்

கும்மோணத்தான் | சனி, இரவு 8:40
வணக்கம். வீட்டில் உள்ள மியூசிக் சர்வர் நேற்று மாலையிலிருந்து எடுக்கவில்லை. ஆப் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு எரர் காட்டுகிறது. நான் ஊரில் இல்லை, இங்கிருந்தே ரீபூட் செய்தாக வேண்டும். காலையில் அப்பாவுக்குப் பாட்டு வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மொட்டைமாடி | இரவு 8:52
என்ன சர்வர் மென்பொருள்? நாவிட்ரோமா, ஜெல்லிஃபின்னா, லிரியனா? எந்தப் பெட்டியில் ஓடுகிறது? வெளியிலிருந்து எந்த வழியாக உள்ளே போவீர்கள்? எரரில் என்ன எழுதியிருக்கிறது? வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?

கருந்திரை | இரவு 8:55
"எடுக்கவில்லை" என்பதை வைத்துக்கொண்டு நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். கேள்வி கேட்பது எப்படி என்று மேலே ஒரு பதிவு ஒட்டிவைத்திருக்கிறோம், வருடக்கணக்காக அங்கேதான் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. நீங்கள் கேட்டதற்கு விடை: தூரத்திலிருந்து கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச்சில் நுழைந்து, ரீபூட் கட்டளையான சூடோ ரீபூட். அவ்வளவுதான்.

சுரங்கப்பாதை | இரவு 9:03
வெளியிலிருந்து வீட்டு மெஷினுக்குத் தனிப் பாதை போடும் டெயில்ஸ்கேல் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் அந்த மெஷினை அதில் அனுமதிக்கும் கீ காலாவதியாகியிருக்கும். டிஃபால்ட்டாக 180 நாள்தான். அட்மின் பக்கத்தில் அந்த மெஷினுக்கு எக்ஸ்பைரியை நிறுத்திவைக்க ஒரு தேர்வு இருக்கிறது. எல்லோரும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

வோல்ட்மீட்டர் | இரவு 9:07
சின்னக் கம்ப்யூட்டர் போர்டான ராஸ்பெரி பையா? எந்த சார்ஜரில் ஓடுகிறது? போன் சார்ஜர் என்றால் மேலே பேசவே வேண்டாம். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பாதி "சர்வர் தொங்குது" புகார்களுக்குக் காரணம் இதுதான்.

கும்மோணத்தான் | இரவு 9:20
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ராஸ்பெரி பை 4, நாவிட்ரோம். நான் பெங்களூரில், வீடு கும்பகோணத்தில். டெயில்ஸ்கேல்தான் போட்டிருக்கிறேன், ஐபி 100-இல் ஆரம்பிக்கும். எஸ்எஸ்எச் டைம் அவுட் ஆகிறது. சார்ஜர் பையோடு வந்ததுதான். வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள்.

புதுசுதான் | இரவு 9:26
ரவுட்டரில் நாவிட்ரோமின் 4533 போர்ட்டைத் திறந்துவிட்டால் நேரடியாகவே போகலாமே?

மொட்டைமாடி | இரவு 9:34
@புதுசுதான் வேண்டாம். பல வீட்டு ஃபைபர் இணைப்புகள் சிஜிநாட்டுக்கு (பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி) பின்னால் இருக்கும், போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர் வரைக்கும் வரவே வராது. வந்தாலும் பாட்டுப்பெட்டியை ஊருக்கே திறந்துவைப்பது நல்லதில்லை.

@கும்மோணத்தான் டெயில்ஸ்கேல் பட்டியலில் பை ஆஃப்லைன் என்று இருக்கிறதா, எக்ஸ்பயர்டு என்று இருக்கிறதா? இரண்டும் வேறு. ஆஃப்லைன் என்றால் அந்தப் பெட்டி நெட்டுக்கே வரவில்லை. அப்போது சூடோ ரீபூட் அடிக்க உங்களுக்குக் கதவே இல்லை.

கும்மோணத்தான் | இரவு 9:41
ஆஃப்லைன். கடைசியாகப் பார்த்தது வெள்ளி மதியம். அப்பாவிடம் சொல்லி பிளக்கை எடுத்து மறுபடி போடச் சொல்லிவிட்டேன், அப்படியும் வரவில்லை.

சுரங்கப்பாதை | இரவு 9:44
ஆஃப்லைன் என்று காட்டினாலும் கீ பிரச்சினையாக இருக்கலாம், ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

வோல்ட்மீட்டர் | இரவு 9:49
பிளக்கை அப்படிப் பிடுங்கியிருக்கக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டை வெட்டினால் எஸ்டி கார்டு போய்விடலாம். இப்போது இரண்டு பிரச்சினை. கார்டுக்கு பேக்கப் இருக்கிறதா?

காவல்நாய் | இரவு 9:58
இதற்கெல்லாம் பையிலேயே ஹார்டுவேர் வாட்ச்டாக் (சிஸ்டத்திலிருந்து நேரத்துக்குச் சமிக்ஞை வராவிட்டால் ரீபூட் செய்யும் டைமர்) இருக்கிறது. லினக்ஸில் எல்லாவற்றையும் கிளப்பிவிடும் சிஸ்டம்டியின் கான்ஃபிகில் ரன்டைம் வாட்ச்டாகை 15 நொடி என்று வைத்துவிட்டால் பெட்டி உறைந்துபோனால் தானாகவே ரீபூட் ஆகும். மனிதரே வேண்டாம். இதை ஏன் யாரும் செய்வதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை.

மொட்டைமாடி | இரவு 10:05
ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் உறைந்தால் வாட்ச்டாக் உதவும், மறுக்கவில்லை. ஆனால் இவருடைய பெட்டி கரண்டை எடுத்துப் போட்ட பிறகும் வரவில்லை. பூட்டிலேயே எங்கோ நிற்கிறது என்று தோன்றுகிறது. அந்த நிலையில் சிஸ்டம்டி உயிரோடுதான் இருக்கும், வாட்ச்டாகுக்கு நேரத்துக்குத் தீனி போய்விடும், அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

@கும்மோணத்தான் மூன்று கேள்வி. பாட்டெல்லாம் எஸ்டி கார்டிலா, வெளி டிஸ்கிலா? வெள்ளிக்கிழமை கரண்ட் போனதா? வீட்டு ரவுட்டர் பக்கத்தில், இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் பை தெரிகிறதா?

டேப்ரெக்கார்டர் | இரவு 10:11
இதுக்கு நடுவில் ஒரு சந்தேகம். அப்பா அப்படி என்னதான் கேட்கிறார்? மாதம் கொஞ்சம் காசு கட்டினால் ஸ்ட்ரீமிங்கில் எல்லாமே கிடைக்கிறதே.

கும்மோணத்தான் | இரவு 10:18
அதில் கிடைக்காது சார். எங்கள் தெருக் கோயில் உற்சவத்தில் தாத்தா பதிந்த நாதஸ்வர கேசட்டுகள். ஒரு பை நிறைய இருந்தது, நான்தான் ஒவ்வொன்றாக கம்ப்யூட்டரில் ஏற்றினேன், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக்கில். அப்பா காலையில் அதைப் போட்டுவிட்டுத்தான் காபியே குடிப்பார்.

பாட்டு வெளி டிஸ்கில். 3.5 அங்குல டிஸ்க், அதற்குத் தனி அடாப்டர். வெள்ளி காலை 9 மணி முதல் மாலை வரை பராமரிப்பு ஷட்டவுன் என்று அம்மா சொன்னார். பை யூபிஎஸ்ஸில் இருக்கிறது, மதியம் அதுவும் தீர்ந்திருக்கும். ரவுட்டர் பட்டியலை சித்தி பையன் பார்த்தான், பை இல்லை.

கருந்திரை | இரவு 10:22
கேசட்டை ஃப்ளாக்கிலா? கேசட்டிலேயே 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உருப்படியாக ஒன்றும் இருக்காது. அதை லாஸ்லெஸ்ஸில் வைப்பது வெறும் இடத்தண்டம். 192 கேபிபிஎஸ்ஸில் எம்பி3 போட்டால் உங்கள் அப்பாவுக்கு வித்தியாசமே தெரியாது.

டேப்ரெக்கார்டர் | இரவு 10:30
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூலத்தை லாஸ்லெஸ்ஸில்தான் வைக்க வேண்டும். நாளைக்கு இரைச்சலைக் குறைக்கிறேன், வேகத்தைச் சரிசெய்கிறேன் என்று எம்பி3-யைத் திறந்து மறுபடி எம்பி3-யாகவே சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். கேசட்டோ பழையது, மறுபடி ஓட்டினால் நாடா அறுந்தாலும் அறும். போனுக்குப் போகும்போது வேண்டுமானால் நாவிட்ரோமே சின்ன அளவு ஓபஸ் ஃபார்மட்டாக மாற்றி அனுப்பட்டும், அதற்குத்தானே எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் கருவி இருக்கிறது.

கருந்திரை | இரவு 10:33
நாதஸ்வரம், கோயில் மைக், கேசட். இதற்கு லாஸ்லெஸ். சரி.

டேப்ரெக்கார்டர் | இரவு 10:36
காதில் கேட்காததற்கும் கையில் மிஞ்சாததற்கும் வித்தியாசம் இருக்கிறது ஐயா. ஃப்ளாக் போட்டால் சிடி அளவில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். ஒரு பை கேசட்டுக்கு டிஸ்க் ஒன்றும் நிரம்பிவிடாது.

மொட்டைமாடி | இரவு 10:41
ஃப்ளாக் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம், நானும் வருகிறேன்.

@கும்மோணத்தான் டிஸ்க் அடாப்டர் எந்த பாயிண்டில்? அதுவும் யூபிஎஸ்ஸிலா? டிஸ்கில் லைட் எரிகிறதா என்று யாரையாவது கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஓடினால் லேசாக அதிரும்.

ஏன் கேட்கிறேன் என்றால்: பூட்டாகும்போது எந்த டிஸ்கை இணைப்பது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்குக்கு வெறும் டிஃபால்ட்ஸ் என்று மட்டும் போட்டிருப்பீர்கள். பூட்டாகும்போது டிஸ்க் இல்லையென்றால் சிஸ்டம்டி 90 நொடி காத்திருக்கும், அப்புறம் எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். அங்கே நெட்வொர்க் எழும்பாது, எஸ்எஸ்எச் இல்லை, டெயில்ஸ்கேல் இல்லை. திரையை மாட்டிப் பார்த்தால் ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டியிருக்கிறது என்று ஒரு வரி மட்டும் நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பெட்டியே செத்த மாதிரி இருக்கும், ஆனால் சிவப்பு விளக்கு ஜோராக எரியும்.

புதுசுதான் | இரவு 10:47
அப்படியானால் டிஸ்க் யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் வந்துவிடாதா?

மொட்டைமாடி | இரவு 10:50
வராது. டிஸ்க் இல்லை என்பதுதானே வியாதி.

வோல்ட்மீட்டர் | இரவு 10:53
எதற்கும், வந்த பிறகு பையின் பவர் நிலையைச் சொல்லும் விசிஜென்கமாண்டில் கெட் த்ராட்டில்டு அடித்துப் பாருங்கள். 0x0 வந்தால் பவர் சுத்தம். 0x50000 வந்தால் முன்பு எப்போதோ வோல்டேஜ் குறைந்திருக்கிறது. அப்போது வந்து என்னிடம் பேசுங்கள்.

கும்மோணத்தான் | இரவு 11:24
வந்துவிட்டது. டிஸ்க் அடாப்டரைக் கழற்றிவிட்டு அந்த பாயிண்டில் கொசு மெஷின் செருகியிருக்கிறார்கள். அதை மாற்றி, டிஸ்க் சுற்ற ஆரம்பித்ததும் பையை ஆஃப் செய்து ஆன் செய்தார் அப்பா. ஆப்பில் எல்லாம் இருக்கிறது. ரொம்ப நன்றி மொட்டைமாடி அண்ணே.

சுரங்கப்பாதை | இரவு 11:27
நல்லது. கீ எக்ஸ்பைரியையும் கையோடு நிறுத்திவிடுங்கள்.

மொட்டைமாடி | இரவு 11:38
சந்தோஷம். இப்போது உள்ளே போக முடிகிறதே, இன்றைக்கே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள்.

எஃப்எஸ்டேப்பில் டிஃபால்ட்ஸுக்குப் பக்கத்தில் கமா போட்டு நோஃபெயில் சேர்த்துவிடுங்கள். டிவைஸ் டைம் அவுட்டை 15 நொடியாக வையுங்கள். டிஸ்கை எஸ்டிஏ1 என்று எழுதியிருந்தால் அதன் மாறாத அடையாள எண்ணான யூயூஐடிக்கு மாற்றுங்கள், இன்னொரு பென் டிரைவ் செருகினால் பெயர் மாறிவிடும். இனி டிஸ்க் இல்லாவிட்டாலும் பெட்டி நெட்டுக்கு வரும், உங்களால் உள்ளே போய்ப் பார்க்க முடியும்.

நோஃபெயில் போட்டால் ஒரு சிக்கல்: டிஸ்க் வருவதற்கு முன்பே நாவிட்ரோம் கிளம்பி காலி ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் நாவிட்ரோமின் சர்வீஸ் ஃபைலில் ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார் என்ற வரியில் பாட்டு ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் வராதவரை அது எழாது.

ஆப் மட்டும் தகராறு செய்யும் நாளில் முழுப் பெட்டியையும் ரீபூட் செய்ய வேண்டியதில்லை, சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நாவிட்ரோம் போதும். கடைசி ஆயுதமாக பைக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் வையுங்கள், அது வெளியே போய் கம்பெனி சர்வரோடு பேசுவதால் சிஜிநாட் தடையாக இருக்காது. கரண்ட் வந்தால் பை தானாகவே எழும். ஆனால் தினமும் அதைக் கொண்டு வெட்டாதீர்கள், கார்டு விஷயத்தில் வோல்ட்மீட்டர் சொன்னது சரி.

டிஸ்க் அடாப்டரும் பையும் ஒரே யூபிஎஸ்ஸிலா இல்லையா என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

காவல்நாய் | இரவு 11:45
வாட்ச்டாகும் போடுங்கள். இருந்தால் என்ன நஷ்டம்?

டேப்ரெக்கார்டர் | ஞாயிறு, காலை 7:15
தம்பி, அந்த கேசட்டுகளை எந்த டெக்கில் ஓட்டி ஏற்றினீர்கள்? நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் திருப்பிச் சரிசெய்தீர்களா? எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

கருந்திரை | காலை 9:02
பிரச்சினை தீர்ந்ததால் தலைப்பில் "தீர்ந்தது" என்று போடவும். அதையும் நானே போட வேண்டும் போலிருக்கிறது.

மொட்டைமாடி | காலை 10:30
@கும்மோணத்தான் நோஃபெயில் போட்டாச்சா?